ஒத்திகைக்கு வந்த மூட்டைகள்

பார்சல் கம்பெனியில் அவருக்கு ரூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். காலையில் கிடங்கு வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் எது எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், எதை எங்கே இறக்க வேண்டும் என்று வழி போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தூரமான இடத்துக்கு முதலில் போ, இறக்கிக்கொண்டே திரும்பி வா, போன வழியில் மறுபடி போகாதே, தேவையில்லாமல் எங்கேயும் நிற்காதே. இவ்வளவுதான் அவருடைய மொத்த வித்தையும். இதை வைத்துக்கொண்டு ஊரையே உள்ளங்கையில் வைத்திருந்தார். புது டிரைவர்கள் அவரைக் கண்டாலே பம்முவார்கள்.

கோளாறு என்னவென்றால், விடுமுறை நாளிலும் அவர் ரூட்டாகவே இருந்தார். குடும்பத்தைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால், "கால் நனைச்சாச்சா? சரி, நட நட" என்பார். பொருட்காட்சிக்குப் போனால் எந்த ராட்டினத்தில் கூட்டம் குறைவு என்று பார்த்து மகளை ஏற்றிவிடுவார். அவள் ஒன்றில் அலறி முடிப்பதற்குள் அடுத்ததில் உட்கார வைத்துப் பெல்ட்டும் போட்டிருப்பார். ஒன்றையும் விடவில்லை, எல்லாம் முடிந்தது, இருட்டுவதற்குள் வீடும் வந்தாயிற்று என்று கதவைத் திறக்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி இருக்கும். வீட்டில் வேறு யார் முகத்திலும் அது இருக்காது. மனிதர் அதைக் கவனித்ததே இல்லை.

மகள் இரண்டாம் வகுப்பு. முன்பற்கள் விழுந்து புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். அவளுக்குப் பிறந்தநாள் நெருங்கிய சமயம், ஒரு காலையில் ரூட்டு குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் தாயும் மகளும் பேசுவது காதில் விழுந்தது.

"பொறந்தநாளுக்கு எங்க போலாம், சொல்லு."

"ஜூக்கு."

"சரி, போலாம்."

"ஆனா அப்பா வேணாம்மா. நீ, நான், தாத்தா. போதும்."

"ஏன்டி? அப்பா பாவம் இல்லையா?"

"அப்பா வந்தா நட நடன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் சிங்கத்தப் பாக்க ஆரம்பிக்கறதுக்குள்ள சிங்கம் முடிஞ்சிடும்."

வாயில் நுரையோடு அவர் அப்படியே நின்றுவிட்டார். கம்பெனியில் முதலாளியே ஒரு தடவை நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறார். அப்போதுகூட இப்படி வலித்ததில்லை. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கத்தரிக்காய் வேண்டாம் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

அன்று மாலை மனைவியே பேச்சை எடுத்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் அவள். எதிரில் நிற்பவர் எதைப் பார்க்க முடியாமல் தவிக்கிறார் என்பது அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

"நான் அவகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்க வெச்சிருக்கேன். நீங்களும் வரலாம். ஆனா அன்னிக்கு உங்க வாயில இருந்து ஒரு நட கூட வரக்கூடாது. வந்துச்சுன்னா அதோட சரி. இனிமே எங்க போனாலும் அப்பா வேணாம்னு சொல்லிட்டா. நானும் அவ பக்கம்தான், சொல்லிட்டேன்."

"வராது" என்றார் ரூட்டு.

வேறொருவராக இருந்தால், வாயை மூடிக்கொண்டு மகள் பின்னால் போனால் போதும் என்று விட்டிருப்பார். இவர் வேறு விதமாக யோசித்தார். திட்டம் சரியாக இருந்தால் யாரையும் அவசரப்படுத்த வேண்டிய தேவையே வராது அல்லவா? அப்படியென்றால் இத்தனை நாள் தவறு தன் குணத்தில் இல்லை, ஒத்திகை பார்க்காததில்தான் இருக்கிறது. இந்த முடிவுக்கு வந்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி. குணத்தை மாற்றுவது கஷ்டம். ஒத்திகை பார்ப்பது அவருக்குக் கைவந்த கலை.

மிருகக்காட்சி சாலை ஊருக்கு வெளியே ஒரு மலை முழுவதும் பரவிக் கிடந்தது. வாசல் அடிவாரத்தில். அங்கிருந்து பாதைகள் வளைந்து வளைந்து மேலே ஏறும். வருகிறவர்கள் பெரும்பாலும் வாசலில் உள்ள குரங்குகளிடம் தொடங்கி உற்சாகமாக ஏறுவார்கள். பாதி மலையில் நாக்கு தள்ளிவிடும். உச்சியில் இருக்கும் புலியைப் பார்க்காமலே திரும்பி இறங்குவார்கள். வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் ரூட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் பேட்டரி வண்டியைப் பிடித்து நேரே உச்சிக்குப் போய்விட வேண்டும். அப்புறம் எல்லாம் இறக்கம்தான். உண்மையாகவே நல்ல யோசனை. அத்தோடு அவர் விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

ஆனால் புது வழி என்றால் வரைபடத்தை நம்புகிற ஆள் இல்லை அவர். வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் காலி வண்டியாக இருக்கக் கூடாது. பாரம் ஏற்றி ஓட்டினால்தான் மேடும் பள்ளமும் தெரியும் என்பார். ஆகவே பிறந்தநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, "கிடங்குல அவசர வேலை" என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வழியில் ஒரு கடையில் இரண்டு மாவு மூட்டைகள் வாங்கினார். சின்ன மூட்டை மகள் எடைக்கு. பெரிய மூட்டை மாமனார் எடைக்கு. அவர் ஒடிசலான ஆள் என்பதால் கிட்டத்தட்டச் சரியாக வந்தது.

மிருகக்காட்சி சாலை வாசலில் ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்தார். மாமனாருக்கு முழங்கால் வலி, எப்படியும் தேவைப்படும். பெரிய மூட்டையை நாற்காலியில் உட்கார வைத்தார். சக்கர நாற்காலி கொடுப்பவர் தலையைச் சொறிந்தபடி பார்த்தார். பிறகு, பெல்ட் போடாமல் யாரையும் உள்ளே விட முடியாது, சட்டம் என்றால் சட்டம்தான் என்றார். பெல்ட்டும் போட்டாயிற்று. சின்ன மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ரூட்டு புறப்பட்டார்.

அன்று பகல் முழுக்க அவர் செய்த வேலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பேட்டரி வண்டியில் மூட்டைகளோடு உச்சிக்குப் போனார். ஒவ்வொரு சரிவிலும் நாற்காலியின் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். எல்லாக் கழிப்பறைக்குள்ளும் போய்த் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தார். தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடினார். ஐஸ்கிரீம் கடையில் நான்கு கோன் வாங்கி, நிழலில் இருக்கும் பெஞ்சுக்குக் கொண்டு போவதற்குள் எவ்வளவு உருகுகிறது என்று சோதித்தார். முழங்கை வரை வழிந்தது. வீணாக்க மனம் வராமல் நான்கையும் அவரே தின்றார். கடைசியில் மூட்டைகளை வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையெல்லாம் மாவும், வாயோரத்தில் ஐஸ்கிரீமும், முகத்தில் அத்தனை திருப்தியுமாக நின்ற ஆளைக் கேள்வி கேட்கப் பயமாக இருந்திருக்கும்.

"சட்டை ஏன் வெள்ளையா இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"கிடங்குல ஒரு பார்சல் கிழிஞ்சிடுச்சு."

"தொண்டை ஏன் கட்டியிருக்கு?"

"கிடங்குத் தூசி."

பிறந்தநாள் வந்தது. வாண்டு புதுச் செருப்பு போட்டுக்கொண்டு முன்னால் குதித்தாள். அவள் கையைப் பிடித்தபடி தாத்தா, அதாவது ரூட்டின் மாமனார். சினிமா தியேட்டரில் இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் நல்ல இடமாகப் பார்த்து உட்காருவதுதான் அவருக்கு முதல் வேலை.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் ரூட்டைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லானார்.

"வாங்க சார்! இன்னிக்கு மூட்டை வரலையா?"

ரூட்டு வேறு யாரையோ பார்ப்பது போலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"வேற யாரோன்னு நெனச்சுக்கிட்டாரு" என்றார் மனைவியிடம். அவள் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

சக்கர நாற்காலி எடுக்கலாமா என்று கேட்டதற்கு மாமனார் கோபித்துக்கொண்டார். "ஏன் மாப்ளே, எனக்குக் கால் இல்லையா? பேத்தி பொறந்தநாளும் அதுவுமா என்னை நோயாளி ஆக்காதீங்க." பிரேக் பிடித்துப் பழகியதெல்லாம் வீணாயிற்று என்று ரூட்டுக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் நாற்காலி கொடுப்பவர் பக்கம் போகாமல் தப்பித்ததில் ஒரு நிம்மதி.

பேட்டரி வண்டியில் நிம்மதி போயிற்று. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"சார், திருப்பத்துல கெட்டியாப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. அன்னிக்குப் பெரியவர் சாஞ்சு கீழ விழப் பாத்தாரே!"

"எந்தப் பெரியவர்?" என்றாள் மனைவி.

"பொதுவா சொல்றாரு" என்றார் ரூட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு.

உச்சியில் புலி தூங்கிக்கொண்டிருந்தது. வாண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனார் எதிரில் இருந்த திண்டில் வசதியாக உட்கார்ந்து, "இது இடைவேளைக்கு அப்புறம்தான் எழுந்திரிக்கும்" என்றார். ரூட்டு காத்திருந்தார். ஒத்திகையில் இந்த இடத்தைச் சட்டென்று கடந்து போயிருந்தார். மாவு மூட்டைக்குப் புலியை நின்று பார்க்கத் தோன்றாது என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. வாண்டு நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். தொண்டை வரை வந்த வார்த்தையை விழுங்கினார். விழுங்கியது இருமலாக வெளியே வந்தது.

"அம்மா, அப்பா நடன்னு இருமறாரு."

"இல்லடி, நிஜ இருமல்!" என்று பதறினார்.

கரடியிடமும் அப்படித்தான். முள்ளம்பன்றியிடம் இன்னும் மோசம். அது வளைக்குள்ளிருந்து வெளியே வருமா வராதா என்று வாண்டும் தாத்தாவும் பந்தயம் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஐஸ்கிரீம் கடைக்கு வந்து சேர்ந்தபோது ரூட்டு கணக்குப் போட்டு வைத்திருந்த நிழல் பெஞ்சை விட்டு எங்கோ நகர்ந்து போயிருந்தது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. எப்படியோ இதுவரை வாயைக் கட்டிவிட்டோம், இனி இறக்கம்தான், சமாளித்துவிடலாம் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டார்.

கடைக்கார அம்மாள் அவரைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடடே, நாலு கோன் சார்! வாங்க வாங்க. இவங்கதான் வீட்டுக்காரங்களா? அன்னிக்குக் கூட்டிக்கிட்டு வரலையே?"

"என்னிக்கு?" என்றாள் மனைவி.

"போன ஞாயித்துக்கிழமை" என்றபடி வாண்டுவுக்கும் தாத்தாவுக்கும் கோன் கொடுத்தாள் கடைக்கார அம்மாள். "நாலு கோன் வாங்கினாரு. யாருக்குன்னு கேட்டேன், குடும்பத்துக்குன்னாரு."

மனைவி மெதுவாகத் திரும்பினாள். அவள் குரல் ரொம்ப மிருதுவாக இருந்தது. அவள் குரல் மிருதுவானால் விஷயம் பெரிது என்று ரூட்டுக்குத் தெரியும்.

"எந்தக் குடும்பத்துக்குங்க?"

மாமனார் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "இப்பதான் படம் சூடு பிடிக்குது" என்று சொல்லிவிட்டு, "மாப்ளே, இன்னொரு குடும்பம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு வயசாச்சு, திடீர்னு சொன்னா தாங்காது" என்றார்.

ரூட்டு திருதிருவென்று விழித்தார். இனிமேல் பூசி மெழுக முடியாது. எல்லாவற்றையும் சொன்னார். கிடங்கில் வேலை இல்லை என்பது, மாவு மூட்டை வாங்கியது, நாற்காலியில் பெல்ட் போட்டது, கோன் உருகியது, தாழ்ப்பாள்கள்.

சொல்லி முடித்ததும் முதலில் வாயைத் திறந்தவர் மாமனார்.

"அப்போ அந்தப் பெரிய மூட்டை நானா?"

"எடைக்குத்தான் மாமா..."

"பெல்ட் போட்டு உக்காந்திருந்தது?"

"சட்டம்னு சொன்னாரு மாமா."

"சின்ன மூட்டை வாண்டு. சரி" என்றாள் மனைவி. "நான் எங்க?"

"உனக்கு மூட்டை வைக்கல."

"ஏன்?"

"நீதான் தானாவே நடந்துடுவியே."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்ததும் அது பாராட்டாகப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. "இத்தன வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு ஒரு மூட்டைக்குக் கூட நான் தேறல" என்றாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. கடைக்கார அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

வாண்டு மட்டும் சிரிக்கவில்லை. கையில் கோன் உருகி வழிந்துகொண்டிருந்தது. உதடு பிதுங்கியது.

"நான் வர்றதுக்கு முன்னாடியே நீ தனியா வந்து எல்லாத்தையும் பாத்துட்டியா?"

"இல்லடா கண்ணு..."

"என் பொறந்தநாளு. நான்தான மொதல்ல பாக்கணும்? உனக்கு நான் வேணாமா? மூட்டைதான் வேணுமா?"

எந்தப் பிள்ளை தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதே என்று ரூட்டு இத்தனை பாடுபட்டாரோ, அந்தப் பிள்ளை இப்போது, உனக்கு நான் வேண்டாமா என்று கேட்கிறது. அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"நான் எதையும் பாக்கலடா. சத்தியமா பாக்கல."

"பொய். நாள் ஃபுல்லா இங்கதான இருந்தே?"

"இருந்தேன். பாக்கல."

வாண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு டீச்சர் மாதிரிக் கேட்கத் தொடங்கினாள்.

"கரடி என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"கரடி... கரடிக்கு எதிர்ல ஒரு பெஞ்சு இருக்கு. சாயறதுக்கு வசதியா இருக்கும்."

"ஒட்டகச்சிவிங்கி?"

"அதுக்குப் பக்கத்துல தண்ணிக் குழாய். திறக்கறதுக்குக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்."

"நீர்யானை?"

"செங்குத்தான சரிவு. ரெண்டு பிரேக்கும் பிடிக்கணும்."

"யானை? யானையக் கூடவா பாக்கல?"

ரூட்டு கண்ணை மூடி யோசித்தார். யானை இருக்கும் இடத்தில் கழிப்பறை எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாம் துல்லியமாக நினைவுக்கு வந்தது. யானை வரவில்லை. அவ்வளவு பெரிய பிராணி கண்ணெதிரே நின்றிருக்கிறது, அதைத் தாண்டிப் போயிருக்கிறார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"பாக்கல" என்றார்.

கடைக்கார அம்மாள் சாட்சிக்கு வந்தாள். "ஆமா பாப்பா, உங்கப்பா சொல்றது நிஜம்தான். இதோ இந்தக் கூண்டுல கழுதைப்புலி தொண்டை கிழியக் கத்துச்சு. ஜனங்க எல்லாம் ஓடி வந்து பாத்தாங்க. இவரு திரும்பக் கூட இல்ல. முதுகைக் காட்டிக்கிட்டு, கோன் உருகுறதையே பாத்துட்டு நின்னாரு."

வாண்டுவின் முகத்தில் கோபம் போய்விட்டது. வேறு ஏதோ வந்தது. காய்ச்சல் வரும்போது அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் அம்மாவின் முகம் அது.

"அம்மா, அப்பா யானையக் கூட பாக்கலையாம்."

"கேட்டேன்டி."

வாண்டு கோனைத் தாத்தாவிடம் கொடுத்தாள். பிசுபிசுத்த கையால் அப்பாவின் விரலைப் பிடித்தாள்.

"வா. நான் காட்டறேன். மொதல்ல இருந்து."

முதலில் இருந்து என்றால் உச்சியில் இருந்து. வந்த வழியே, ஏற்றத்தில். அவருடைய தொழிலில் இதற்கு மன்னிப்பே கிடையாது. புது டிரைவர் யாராவது இப்படிப் போயிருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பார். இன்று மூச்சு வாங்க ஏறினார். கீழே பெஞ்சில் மாமனார் இரண்டு கோன்களையும் மாறி மாறிச் சாப்பிட, மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். வெளியே கூட்டிக்கொண்டு வந்த இடத்தில் அவள் உட்கார்ந்து ரூட்டு பார்த்தது அன்றுதான்.

புலி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

"என்ன தெரியுது?" என்றாள் வாண்டு.

"புலி."

"அப்புறம்?"

"தூங்குது."

"காதைப் பாரு. பின்பக்கம்."

பார்த்தார். கறுத்த காதின் பின்புறத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று. யாரோ தூரிகையால் தொட்டு வைத்த மாதிரி இருந்தது.

"ஆமாடி! அது எதுக்கு?"

"தெரியல. அதான் நின்னு பாத்துட்டு இருந்தேன். நீதான் இருமிட்டே."

அதன் பிறகு அவள் காட்டினாள், அவர் பார்த்தார். தப்பாகப் பார்த்தால் மறுபடி பார்க்கச் சொன்னாள். கரடி உட்கார்ந்தபடி தன் உள்ளங்காலைத் தானே பிடித்துக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி கடைசி வரை வரவில்லை. அது வராததையும் நின்று பார்த்தார்கள். யானையின் முன் கொண்டு போய் நிறுத்தி, "இதுதான் யானை" என்று அறிமுகம் செய்து வைத்தாள். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் ரூட்டை ஏற இறங்கப் பார்த்தது. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

ஒட்டகச்சிவிங்கியிடம் வந்தபோது மனைவியும் மாமனாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த ஒட்டகச்சிவிங்கிக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். தொட்டி கீழே இருக்கிறது, வாய் எங்கோ மேலே இருக்கிறது. முன்னங்கால்களை அகட்டி வைத்தது. போதவில்லை. இன்னும் கொஞ்சம் அகட்டியது. குனியப் போகும் நேரத்தில் எதற்கோ பயந்து, சட்டென்று கால்களைச் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது. மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. ரூட்டு கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். இத்தனை உயரத்தை வைத்துக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீருக்கு இந்தப் பாடா என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது.

"என்னங்க, மணி அடிக்கப் போறாங்க. மூடற நேரம்" என்றாள் மனைவி.

"இரு இரு, குடிக்கப் போகுது."

"பாதி மலை இன்னும் பாக்கி இருக்கு மாப்ளே" என்றார் மாமனார்.

"கொஞ்சம் இருங்க மாமா. இதோ, கால அகட்டுது பாருங்க. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்டா ராஜா..."

அது குடித்தபோது ரூட்டு கைதட்டினார். உண்மையாகவே கைதட்டினார். மனைவி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். காலையில் துடைத்த மாதிரி இல்லை. இந்தத் தடவை கண்ணையும் சேர்த்துத் துடைத்தாள்.

மூடும் மணி அடித்துவிட்டது. நீர்யானை, சிங்கம், பறவைகள், வாசல் குரங்குகள் எல்லாம் பாக்கி. உச்சியிலிருந்து கடைசிப் பேட்டரி வண்டி இறங்கி வந்தது. பிதுங்கப் பிதுங்கக் கூட்டம். டிரைவர் நிறுத்தி, "ரெண்டு பேருக்குத்தான் இடம் சார். பாப்பாவ மடியில வெச்சுக்கலாம்" என்றார்.

இது ரூட்டுக்குப் பழக்கமான கணக்கு. மாமனாரை ஏற்றினார், மனைவியை ஏற்றினார், வாண்டுவைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். "நீங்க போங்க. நான் நடந்து வந்துடறேன். வழிதான் எனக்கு மனப்பாடமாச்சே" என்றார்.

சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது. ஒருவழியாக நாள் நல்லபடியாக முடிந்தது, போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. நாலு அடி போவதற்குள் உள்ளே இருந்து பெரிய கூச்சல். வண்டி நின்றது. வாண்டு யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு இறங்கினாள்.

"ஏய், எங்கடி போறே?" என்று மனைவி கத்தினாள்.

"நான் அப்பா கூட வரேன்! அப்பாவத் தனியா விட்டா ஒண்ணையும் பாக்காம கீழ வந்துடுவாரு!"

டிரைவர் சிரித்தார். வண்டியே சிரித்தது. மாமனார் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். அது கேட்பதற்குள் வண்டி திருப்பத்தில் மறைந்துவிட்டது.

பாதையில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். கீழே இறங்கும் வழி முழுக்கக் காலியாகக் கிடந்தது. ரூட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பத்தடி போயிருப்பார்கள், கை பின்னால் இழுபட்டது.

"அப்பா, அங்க பாரு."

பார்த்தார். கூண்டு எதுவும் இல்லை. ஒரு கம்பத்தின் மேல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஒரு காக்காய் உட்கார்ந்திருந்தது.

"காக்காடா அது."

"தெரியும். ஆனா நீ பாத்திருக்கியா?"

பாத்திருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். எப்போது என்று யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் நின்றார்.